பள்ளி ஆய்வகத்தில் விலங்குகளை அறுத்துக் கற்பிப்பது: மறுக்கும் மாணவிக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி – உயிரியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். எங்கள் பாடத்திட்டத்தில், தவளையை அறுத்து உள்ளுறுப்புகளைக் காணும் செய்முறை விருப்பத்துக்குரியதாக வைக்கப்பட்டுள்ளது. நடத்துவதும் விடுவதும் பள்ளியின் பொறுப்பு. எனக்கு முன்பு இருந்தவர்கள் ஆண்டுதோறும் நடத்தி வந்திருக்கிறார்கள். நானும் நடத்துவேன் என்றே எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்.

இந்த ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி, தான் அந்தச் செய்முறையில் கலந்துகொள்ளப் போவதில்லை என்று என்னிடம் தெரிவித்தாள். அருவருப்போ பயமோ அவளுக்கு இல்லை. மேற்படிப்பில் விலங்கியலையே எடுக்க நினைப்பவள் அவள். "தவளைக்குள் என்ன இருக்கிறது என்பது புத்தகத்திலேயே இருக்கிறதே டீச்சர், தெரிந்த விடைக்காக ஒன்றைக் கொல்ல வேண்டுமா?" என்று கேட்டாள். அப்போதைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசிக்க யோசிக்க, அந்தக் கேள்வி அவளுக்கு விலக்கு அளிப்பதோடு முடிந்துவிடக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் சொல்வது சரியென்றால் மற்ற மாணவர்களுக்காகக் கொல்வது மட்டும் எப்படிச் சரியாகும்? அவள் சொல்வது தவறென்றால், அதை அவள் ஏற்கும்படி விளக்க வேண்டிய கடமை ஆசிரியையான எனக்கு இருக்கிறது அல்லவா?

சக ஆசிரியர்களிடம் பேசினேன். "விருப்பமில்லையென்றால் வெளியே நிற்கட்டும், அந்த மதிப்பெண் மட்டும் கிடைக்காது" என்று ஒருவர் சொன்னார். "இப்படி ஒவ்வொருவருக்கும் இளகிக்கொடுத்தால் அறிவியல் பாடமே நடத்த முடியாது" என்றார் இன்னொருவர். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. அறுத்துப் பார்ப்பதால் பள்ளி மாணவர்கள் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறார்கள், அதை வேறு வழியில் கற்பிக்கவே முடியாதா, மறுக்கும் மாணவரிடம் பள்ளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றைப் பற்றி இத்துறையில் அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற விலங்கியல் விரிவுரையாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கல்லூரியில் நெடுங்காலம் விலங்கியல் செய்முறை வகுப்புகளை நடத்தியவன் என்ற முறையில், அறுவைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவனவற்றில் எது உண்மையிலேயே வலுவுள்ளது, எது வெறும் வழக்கத்தால் நிலைத்திருப்பது என்று முதலில் பிரித்துக்கொள்ள விரும்புகிறேன்.

மனித உடலைப் புரிந்துகொள்ளத் தவளை உதவும் என்ற வாதம் மிகவும் பலவீனமானது. தவளையின் இதயத்துக்கு இரண்டு ஏட்ரியங்களும் (மேலறைகள்) ஒரே ஒரு வெண்ட்ரிக்கிளும்தான் (கீழறை) உண்டு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் அதற்குக் கிடையாது. தொண்டையின் அடித்தளத்தை ஏற்றி இறக்கி, காற்றை நுரையீரலுக்குள் தள்ளித்தான் அது மூச்சுவிடுகிறது. ஒரு விலங்கின் உடலைக் கண்டு இன்னொன்றின் உடலை ஊகிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துப் பார்த்து, பண்டைக் கிரேக்க மருத்துவர் காலன் (Galen) எழுதி வைத்தவற்றை மனித உடலுக்கும் பொருத்தி, மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது போன்ற பிழைகளை நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பிய மருத்துவர்கள் சுமந்து திரிந்தார்கள். மனித உடல்களையே அறுத்துப் பார்த்த வெசாலியஸ் 1543-இல் தம் நூலை வெளியிட்ட பிறகுதான் அவை திருத்தம் பெறத் தொடங்கின. வருங்கால மருத்துவர்களுக்குக் கைப்பழக்கம் வரும் என்பதும் அதே தரத்தது. வகுப்பில் மருத்துவராகப் போகிறவர்கள் சிலர். அவர்களுக்கும் அந்தப் பயிற்சி பின்னால் முறையாகக் கிடைக்கப் போகிறது.

வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்தி, கைகால்களைக் குண்டூசியால் நிறுத்தி, வயிற்றுத் தோலை இடுக்கியால் தூக்கிக் கத்தரித்தவுடன் பாடநூலின் படம் கண்முன் விரிந்துவிடாது. இனப்பெருக்கக் காலத்துப் பெண் தவளையென்றால், கறுப்பும் வெளுப்புமாக முட்டைகள் திரண்டு வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும்; அவற்றை ஒதுக்கினால்தான் குடலும் சிறுநீரகமும் தெரியும். கணையத்தைத் தேடி, அது கிடைக்காமல், அருகிலுள்ள கொழுப்பையே கணையம் என்று குறித்துவிடும் மாணவர்கள் எத்தனையோ பேர். இப்படித் தேடுவதும், தடுமாறுவதும், படத்துக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியைக் கண்டுகொள்வதும்தான் செய்முறையின் உண்மையான பயன். கணினித் திரையில் தமனிகளுக்குச் சிவப்பும் சிரைகளுக்கு நீலமும் பூசி, ஒவ்வோர் உறுப்பின் மேலும் பெயரை எழுதிவைத்த பிறகு மாணவர் தேடுவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல், விலங்கியல் பாடங்களில் அறுவையைப் படிப்படியாகக் கைவிடுமாறு வழிகாட்டியது. 2014-இல் இளநிலை, முதுநிலை இரண்டிலுமே நிறுத்தச் சொன்னது. ஒரு விலங்கின் உள்ளமைப்பை ஒருமுறைகூடக் கையால் தொட்டறியாத விலங்கியல் பட்டதாரிகள் உருவாவதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் தாங்கள் கேட்பது பள்ளியைப் பற்றி. அங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் விலங்கியல் படிக்கப் போவதில்லை. அவர்கள் அத்தனை பேருக்காகவும் அத்தனை தவளைகளைக் கொல்ல வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். தேடிக் கண்டறியும் அந்தப் பயிற்சியை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

பதில் – கால்நடை மருத்துவர்

பேராசிரியர் ஐயா சொன்ன "தேடுதல்" மிக முக்கியமானது என்பதை ஏற்கிறேன். ஆனால் தட்டில் கிடக்கும் தவளையிலிருந்தே நாம் பேச்சைத் தொடங்குவதால், அது தட்டுக்கு வந்த பாதை கண்ணில் படாமல் போகிறது.

பள்ளிகளுக்கு வந்த தவளைகள் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தவை அல்ல. வயல்களிலும் குட்டைகளிலும் பிடித்து, சாக்கிலோ பெட்டியிலோ அடைத்து, நாட்கணக்கில் உணவின்றி வைத்து அனுப்பப்பட்டவை. தவளையின் தோல் ஈரமாக இருந்தாக வேண்டும், ஏனெனில் அதன் சுவாசத்தில் ஒரு பகுதி தோல் வழியாகவே நடக்கிறது. நெரிசலிலும் வறட்சியிலும் அது படும் பாடு வகுப்பறைக்குத் தெரிவதே இல்லை. பூச்சிகளைத் தின்று வாழும் ஓர் உயிரை மொத்தமாக அள்ளிவிடுவதால் அந்த வயலுக்கும் கேடு. உணவுக்காகத் தவளைக் கால்களை ஏற்றுமதி செய்வதை 1987-இல் இந்தியா தடை செய்ததற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம்.

அடுத்தது கொல்லும் முறை. தலையின் பின்புறத்தில் ஊசியைச் செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சிதைப்பது ஆய்வகங்களில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள முறை. தேர்ந்த கை என்றால் ஒரு நொடியில் முடிந்துவிடும். பழகாத கை இடம் தவறிக் குத்தினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. மருத்துவக் கல்வியே இந்தப் பாதையிலிருந்து விலகி வந்துவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்க உயிருள்ள விலங்குகளைப் பயன்படுத்தும் வழக்கம் 2016-உடன் முடிவுக்கு வந்தது. மனித உயிரைக் காக்கப் போகிறவர்களுக்கே தேவைப்படாத ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏன் தேவை என்பதற்கு யாராவது விடை சொல்ல வேண்டும்.

அறுப்பது வேறு, அறுப்பதற்காகக் கொல்வது வேறு. இயற்கையாகவோ நோயிலோ இறந்த விலங்கின் உடலை, உரிமையாளரின் சம்மதத்தோடு, தொற்று அபாயம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு பயன்படுத்தும் வழக்கம் பல கால்நடைக் கல்லூரிகளில் இருக்கிறது. பள்ளிக்கு அதைவிட எளிய வழியாக, இறைச்சிக்கூடத்தில் கழிவாகப் போகும் ஓர் ஆட்டு இதயத்தை எடுத்துக்கொள்ளலாம். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட எவ்வளவு தடிமன் என்பதை மாணவர் விரல்களுக்கு நடுவில் வைத்து உணரலாம். வால்வின் இதழ்களை இழுத்துப் பிடித்திருக்கும் வெண்ணிற நாண்களைத் தொட்டுப் பார்க்கலாம். பெருந்தமனியின் வாயில் தண்ணீரை ஊற்றினால் பிறைச்சந்திர வால்வுகள் மூன்றும் விரிந்து ஒன்றோடொன்று பொருந்தி நீரைத் தடுப்பதைக் கண்ணாலேயே காணலாம். உடல் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறிச் சாம்பல் நிறமாகி விறைத்துப்போன தவளையின் சின்னஞ்சிறு இதயத்தில் இவற்றில் எதையும் காட்ட முடியாது. மனித இதயத்தைப் போலவே நான்கு அறைகள் கொண்டது என்பதால், ஐயா சுட்டிக்காட்டிய பொருந்தாமையும் இங்கே வெகுவாகக் குறைகிறது.

கேள்வி கேட்டவர் – உயிரியல் ஆசிரியை

இருவருக்கும் நன்றி. எங்கள் பள்ளியில் மீண்டும் மீண்டும் எழும் ஒரு வாதத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். "இந்த வகுப்பில் இறைச்சி உண்ணாதவர்கள் எத்தனை பேர்? தட்டில் வந்தால் உண்பார்கள், ஆய்வகத்தில் என்றால் மட்டும் இரக்கம் வந்துவிடுமா?" என்று கேட்கிறார்கள். ஆட்டு இதயத்தைக் கொண்டுவந்தால் இந்தக் கேள்வி இன்னும் உரக்க எழும். மதிப்பெண் விஷயத்திலும் தெளிவு வேண்டும். மறுப்பவருக்கு வேறு வேலை கொடுத்தால், எளிதாகத் தப்பித்துக்கொள்ள மற்றவர்களும் மனச்சாட்சியின் பெயரைச் சொல்வார்கள் என்று தலைமையாசிரியர் அஞ்சுகிறார்.

பதில் – அறவியல் கற்பிப்பவர்

மாணவியின் கேள்வி மிகக் கூர்மையானது, அதிலிருந்தே தொடங்குகிறேன். குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்று ஆங்கில மருத்துவர் ஹார்வி 1628-இல் நிறுவியபோது, தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் காண முடியவில்லை. 1661-இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலை உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோதுதான், அந்த இடைவெளியை நிரப்பும் மிக நுண்ணிய குருதிக்குழாய்களான தந்துகிகள் மனிதக் கண்ணுக்கு முதன்முதலாகத் தெரிந்தன. அந்த முயற்சியில் தவளை இனத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டதாக அவரே எழுதினார். அவர் செய்ததை அறத்தின் தராசில் எப்படி நிறுத்தாலும், மறுதட்டில் வைக்க ஒன்று இருந்தது, உலகில் அதுவரை யாருக்கும் தெரியாத ஓர் உண்மை. பள்ளி ஆய்வகத்தில் அறுக்கப்படும் தவளைக்கு எதிரே அப்படி எதையும் வைக்க முடியாது. விடை முன்கூட்டியே அச்சாகிவிட்டது. பதிவேட்டில் வரைய வேண்டிய படமும் தயாராக இருக்கிறது. அறிவியலின் வரலாற்றுப் பெருமையைச் சொல்லி வகுப்பறை அறுவையை நியாயப்படுத்துகிறவர்கள், கண்டுபிடிப்புக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் செய்துகாட்டலுக்குக் கடனாக வாங்குகிறார்கள்.

ஆராய்ச்சியில் விலங்குகளைப் பயன்படுத்துவோருக்கு ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிவியலாளர்கள் 1959-இல் மூன்று நெறிகளை முன்வைத்தார்கள். விலங்குக்குப் பதிலாக வேறொன்றைப் பயன்படுத்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாதபோது எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அதற்கும் பிறகு எஞ்சும் துன்பத்தைத் தணிக்க வேண்டும். விடை தெரியாத ஆராய்ச்சிக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், விடை தெரிந்த கற்பித்தலில் முதல் படியைத் தாண்டிப் போகவே பெரும்பாலும் அவசியம் இருக்காது. 2019-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளி, உண்மையான தவளையின் தோலையும் உறுப்புகளையும் ஒத்த செயற்கைத் தவளைகளை வகுப்பில் அறுக்கத் தந்தது. அது எல்லாப் பள்ளிக்கும் எட்டும் என்று நான் சொல்லவில்லை. மாற்று வழியே இல்லை என்ற பேச்சுக்கு இனி இடமில்லை என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

இறைச்சி பற்றிய வாதத்துக்கு வருகிறேன். ஒருவர் ஓரிடத்தில் ஒரு தீங்குக்கு உடன்படுகிறார் என்பதாலேயே எல்லாத் தீங்குக்கும் அவர் உடன்பட்டாக வேண்டும் என்பது நியாயமாகாது. அந்த வாதத்தை நேர்மையாகப் பின்தொடர்ந்தால், உணவுப் பழக்கத்தையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற முடிவுக்குத்தான் அது இட்டுச்செல்லும். ஆய்வகத்தில் இன்னும் சில உயிர்களைக் கொல்லலாம் என்ற முடிவு அதிலிருந்து பிறக்காது. ஆட்டு இதயத்தைப் பொறுத்தவரை, அதற்காக ஓர் ஆடு கூடுதலாகச் சாகவில்லை என்பது உண்மையான வேறுபாடு. ஆயினும் அந்தக் கொலையிலேயே உடன்பாடில்லாத மாணவருக்கு அது போதாது. அவருக்கும் ஒரு வழி இருக்க வேண்டும்.

மதிப்பெண் பற்றிய கேள்வியில்தான் பள்ளியின் அறம் சோதனைக்கு உள்ளாகிறது. 1987-இல் கலிஃபோர்னியாவில் ஜெனிஃபர் கிரஹாம் என்ற பள்ளி மாணவி தவளையை அறுக்க மறுத்தபோது, மதிப்பெண் குறையும் என்று பள்ளி சொன்னது. அவர் வழக்குத் தொடுத்தார். இயற்கையாக இறந்த தவளையைக் கொண்டு அவருக்குத் தேர்வு வைக்கலாம் என்பது நீதிமன்றம் காட்டிய வழி. அறத்தின் பேரில் மறுக்கும் மாணவர்களின் உரிமையைக் காக்க 1988-இல் அந்த மாநிலமே சட்டம் இயற்றியது. "விருப்பமில்லையென்றால் வெளியே நில், மதிப்பெண் கிடையாது" என்பதை விருப்பம் என்று சொல்ல முடியாது, அது அபராதம். அந்த அபராதத்துக்கு அஞ்சி வாய் திறக்காமல் கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். உங்கள் மாணவி தனக்காக மட்டும் பேசினாள் என்று நினைக்க வேண்டாம்.

மாற்று வேலை எளிதாக இருந்தால் தப்பிக்க நினைப்பார்கள் என்ற தலைமையாசிரியரின் அச்சத்துக்கு விடை, அந்த வேலையை அதே அளவு கடினமாக அமைப்பதுதான். ஆந்தை விழுங்கிய இரையின் செரிக்காத எலும்பும் மயிரும் உருண்டையாகத் திரண்டு வாய் வழியாக வெளியே வரும். அந்த உருண்டையை ஊசியாலும் இடுக்கியாலும் மெல்லப் பிரித்து, மண்டையோட்டையும் தாடையையும் விலா எலும்புகளையும் அடையாளம் கண்டு, எந்த விலங்கு, எத்தனை விலங்குகள் என்று நிறுவச் சொல்லுங்கள். பேராசிரியர் கேட்கும் தேடலும் தடுமாற்றமும் அதில் குறைவின்றி இருக்கின்றன; எந்த உயிரும் அதற்காகச் சாகவில்லை. பற்களைப் பார்த்து எலியா மூஞ்சூறா என்று பிரித்தறிய முயலும் மாணவர், தப்பித்துக்கொண்டவர் அல்லர்.

பதில் – ஆய்வக உதவியாளர்

பெரியவர்கள் பேசும் இடத்தில் நானும் ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். பள்ளி ஒன்றின் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். இங்கே பேசப்படுவது முழுவதும் மாணவரின் மனச்சாட்சி, ஆசிரியரின் மனச்சாட்சி. வகுப்பு தொடங்கும் முன்னரே தவளைகளைக் கொன்று தட்டில் வைப்பது யார் என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. மாணவர்கள் உள்ளே வரும்போது எல்லாம் அசைவற்றுக் கிடக்கும். மூடிய குடுவைக்குள் குளோரோஃபார்ம் நனைத்த பஞ்சோடு அவை துள்ளி அடங்குவதைப் பார்த்தவர் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மட்டும்தான். எங்களுக்கு விலக்குக் கேட்கும் படிவம் எதுவும் கிடையாது. முடியாது என்று சொன்னால் வேலைக்கு ஒத்துவராதவர் என்று பெயர் வரும்.

ஃபார்மலினைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதப்படுத்திய உடல்களை வாங்கினால் கொல்லும் வேலை நம் கண்ணுக்குத் தெரியாத வேறோர் இடத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். கண் எரிச்சலும் தொண்டைக் கமறலும் எங்களுக்கு மிஞ்சுகின்றன. ஃபார்மலினில் கரைந்துள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. காற்றோட்டம் குறைந்த அறையில், கையுறை இல்லாமல், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளை அதன் மேல் குனிய வைப்பதைப் பற்றியும் ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற விலங்கியல் விரிவுரையாளர்

உதவியாளர் தம்பி எழுதியதைப் படித்தபின் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆய்வகங்களில் கொல்லும் வேலையை, அதை மறுக்கும் நிலையில் இல்லாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அறுவையின் கல்விப் பயனை மட்டும் நாம் பேசிவந்திருக்கிறோம். ஆசிரியை அவர்கள் தம் பள்ளியில் எந்த முடிவெடுத்தாலும், உயிரைக் கொல்லும் செய்முறை ஒன்று இருக்கும்வரை அதைச் செய்கிறவரின் சம்மதமும் கேட்கப்பட வேண்டும்.

ஆந்தை உருண்டை நல்ல யோசனை, என் மறுப்பின் பெரும்பகுதியை அது தீர்த்துவிடுகிறது. எலும்புகள் கிடைக்கும், ஆனால் மென்திசுக்கள் கிடைக்காது; ஆட்டு இதயம் அந்தக் குறையை ஓரளவு நிரப்பும். முழு உடலுக்குள் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்போடு எவ்வாறு பொருந்தி அமைந்திருக்கிறது என்பது இரண்டிலும் தெரியாது. விலங்கியலைத் தொழிலாக எடுப்பவர்களுக்கு அதைக் கல்லூரியில், இயற்கையாக இறந்த உடல்களைக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதில் மாற்றமில்லை.

இன்னொரு எச்சரிக்கை. தவளையை விட்டதும் பல பள்ளிகள் கரப்பான் பூச்சிக்கும் மண்புழுவுக்கும் தாவிவிடுகின்றன, அவற்றைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை என்பதால். முதுகெலும்பு இல்லை என்ற ஒன்றை வைத்து எல்லைக்கோடு போட்டுவிட முடியாது. பிரிட்டன் 2022-இல் இயற்றிய விலங்கு உணர்திறன் சட்டம், நண்டும் இறாலும் அடங்கிய பத்துக்கால் ஓட்டுமீன்களையும், ஆக்டோபஸ் அடங்கிய தலைக்காலிகளையும் உணர்வுள்ளவை என ஏற்றுக்கொண்டது. பூச்சிகளும் புழுக்களும் வலியை எந்த அளவுக்கு உணர்கின்றன என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் முடிவாகாத கேள்வி. அது முடிவாகும்வரை, வாய்பாகங்களைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிப் பார்க்கத் தானாகவே செத்துக் கிடக்கும் கரப்பான் பூச்சியே போதுமானது. அதற்கென உயிருள்ளவற்றைக் குடுவையில் அடைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர் – உயிரியல் ஆசிரியை

ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று தலைமையாசிரியரிடம் பேசினேன். இந்த ஆண்டு தவளை வாங்கப் போவதில்லை என்பதற்கு அவர் ஒப்புக்கொண்டார். விலக்கு என்ற சொல்லே தேவைப்படாதபடி, வகுப்பு முழுவதற்கும் செய்முறையை மாற்றியமைக்கிறேன். ஆந்தை உருண்டையைப் பிரிக்கும் பணியும் ஆட்டு இதயமும் இருக்கும். ஆட்டு இதயத்தைத் தொட விரும்பாதவர்கள் பிரித்துக் கூட்டக்கூடிய மாதிரி இதயத்தில் அதே வினாக்களுக்கு, அதே மதிப்பெண்ணுக்கு விடை எழுதலாம். எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆய்வக உதவியாளரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசினேன். இத்தனை ஆண்டுகளில் இதைப் பற்றித் தன்னிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை என்றார்.

அலமாரியில் ஃபார்மலின் குடுவைகளில் முன்பே வாங்கி வைத்த உடல்கள் சில இருக்கின்றன. அவற்றை வெளித்தோற்றத்தைக் காட்ட மட்டும் திறக்காமல் வைத்துக்கொள்வேன். புதிதாக வாங்க மாட்டோம்.

மால்பிகி கண்ட தந்துகிகளை மாணவர்கள் கண்ணால் காண வேண்டும் என்பது என் ஆசை. உயிருள்ள சிறு மீனின் வாலில் குருதியோட்டத்தைக் காணலாம் என்று படித்திருக்கிறேன். மீனுக்குத் துன்பம் இல்லாமல் அதைச் செய்ய முடியுமா என்று கால்நடை மருத்துவர் அவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் – கால்நடை மருத்துவர்

செய்யலாம், கவனமாகச் செய்ய வேண்டும். மீன் வாழும் தொட்டித் தண்ணீரிலேயே பஞ்சை நனைத்து, தலையையும் செவுள்களையும் உடலையும் தளர்வாகச் சுற்றி, வாலை மட்டும் வெளியே விட்டு ஆழமில்லாத கண்ணாடித் தட்டில் கிடத்துங்கள். வாலின் மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால், துடிப்போடு வால்நுனியை நோக்கி ஓடும் சிறு தமனிகளும், சீராகத் திரும்பி வரும் சிரைகளும், இரண்டுக்கும் நடுவே சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து செல்லும் தந்துகிகளும் தெரியும். பஞ்சு உலராமல் ஒருவர் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். மீன் துள்ளினால் உடனே தொட்டியில் விட்டுவிடுங்கள். அன்றைக்கு அதே மீனை மறுபடி எடுக்க வேண்டாம். உருப்பெருக்கியோடு கேமராவை இணைத்துப் பெரிய திரையில் காட்டினால் ஒரே மீன் வகுப்பு முழுவதற்கும் போதும். அதையே பதிவுசெய்து வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு அந்த ஒரு மீனும் தேவைப்படாது. விளக்கு சூடேறாத எல்.இ.டி.யாக இருக்கட்டும், பழைய இழை விளக்கு தட்டிலுள்ள தண்ணீரை விரைவில் சூடாக்கிவிடும்.